அம்சவேணி நடந்த கொல்லைகள்

கல்லேரிப்பட்டில் ஓர் ஆடி மாதம் அம்சவேணியின் இரண்டு உள்ளங்காலிலும் வேர்முடிச்சு காய்த்தது. மல்லாட்டைச் செடியை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், பிடுங்கி மண்ணை உதறினால் வேரில் கடுகு கடுகாக, சில இடத்தில் மிளகு அளவுக்குக்கூட ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே முடிச்சுதான், அதே அழுக்கு வெள்ளைதான், குதிகாலில் ஆரம்பித்து விரல் இடுக்கு வரைக்கும் கொத்துக் கொத்தாய். வலிக்கவில்லை என்றாள். அரிக்கவும் இல்லையாம். அவள் வெறுங்காலோடு நடந்த மண்ணில் மறுநாள் காலையில் பயிர் கருகருவென்று பச்சை பிடித்தது. எங்கள் ஊரில் இதற்கு யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் வாயைப் பிளக்கிற நேரத்தில் அவளைத் தன் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றிவிட்டது.

இதைச் சொல்ல எனக்குத்தான் முதலில் வெட்கமாக இருக்க வேண்டும், இருக்கிறது. என் பேர் தனகோட்டி. ஏரிக்கரைக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. அம்சவேணி காலனிக்காரி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, நான் ஊருக்குள் வாழ வந்த வருஷம்தான் அவள் காலனிக்கு வாழ வந்தாள், இருபத்திரண்டு வருஷமாய் என் கொல்லையில் ஏர் பின்னால் சாலில் விதை போட்டது அவள், களை வெட்டியது அவள், பிடுங்கிய செடியைக் குவித்துப்போட்டு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாய்க் குந்திக் காய் ஆயும்போது எனக்குப் பிள்ளை பிறந்த கதையும் அவள் புருஷன் ஓடிப்போன கதையும் எத்தனை தரம் பேசியிருப்போம் என்று கணக்கே இல்லை. கஞ்சி குடிக்கிற நேரத்தில் மட்டும் எனக்கு டம்ளர், அவளுக்குக் கொட்டாங்குச்சி. பிறகு காலம் மாறிவிட்டது என்று சொன்னார்கள், நாங்களும் மாறி அவளுக்குக் காகிதக் கப் வாங்கினோம்.

அவள் காலில் முடிச்சு எப்படி வந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. எனக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரியும். விதைக்கிற அன்றைக்கு வேளாண்மை ஆபீஸில் கொடுத்த ரைசோபியம் பாக்கெட்டைப் பிரித்தேன். பார்க்கக் கரித்தூள் மாதிரி இருக்கும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறது, கஞ்சியை நன்றாக ஆறவைத்து அதில் கரைத்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்திப் போடுங்கள், அந்த உயிர் வேரில் குடியேறிக் காற்றிலிருந்தே உரம் எடுத்துத் தரும் என்று ஆபீசர் அம்மா சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். விதை புரட்டியது போக குண்டானில் கறுத்த கஞ்சி பாதி மிச்சம். விடிந்ததிலிருந்து ஏர் பின்னால் நடந்துகொண்டிருந்த அம்சவேணி வரப்போரம் வந்து நின்று, "யம்மா, கஞ்சி இருந்தா ஊத்தும்மா, கண்ணு இருட்டிக்கினு வருது" என்றாள்.

வேப்பமரத்தடியில் ஒரு தூக்கு நிறைய நல்ல கஞ்சி இருந்தது. உப்பும் மோரும் ஊற்றி என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கென்று மூடி வைத்தது. நான் தூக்கைப் பார்த்தேன், குண்டானைப் பார்த்தேன், குண்டானிலிருந்து மொண்டு அவள் கப்பில் ஊற்றினேன். விஷம் இல்லை, உயிர்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கண் இருட்டுகிறது என்றவளுக்கு நிறமா தெரியப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் கப்பை நீட்டினாள், நான் மறுபடியும் ஊற்றினேன். மூன்றாம் நாள் அவள் காலில் முடிச்சு காய்த்தது.

அந்தக் கஞ்சியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆபீசர் அம்மா ஸ்கூட்டரில் வந்து, வரப்பில் குந்தி, அம்சவேணியின் காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கீறிப் பார்க்கட்டுமாங்க?" என்று அவளிடமே கேட்டார். அவளுடைய காலைப் பற்றி அவளிடம் அனுமதி கேட்ட ஒரே ஆள் அவர்தான். பிளேடு முனையால் கீறியபோது முடிச்சுக்குள் ரோஸ் நிறமாய் ஈரம் கசிந்தது.

"உள்ள ரோஸா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். சாம்பல் நிறமாயிட்டா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. இது சும்மா உழைக்காது. வயல்ல செடிதான் இதுக்குச் சர்க்கரை ஊட்டுது, ஊட்டுற வரைக்கும்தான் இது உரம் குடுக்கும். இங்க செடி இவங்கதான். நல்லா சாப்பாடு போடுங்க, இனிப்பாப் போடுங்க" என்றார். ஆபீஸ் படிவத்தில் இதற்கு இடம் இல்லாததால் 'இதர' என்ற கட்டத்தில் எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்து மண் மாதிரி கேட்டார்கள், அனுப்பினோம், மண் நலமாக உள்ளது என்று பதில் வந்தது.

அந்த வாரமே திரௌபதி அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கோயில் தர்மகர்த்தா சபாபதிதான் பேசினார். ஏரித் தண்ணீரை மடை மடையாய் முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரி அம்சவேணியையும் முறை வைத்து நடக்கவிட வேண்டும், கிழக்கே ஆரம்பித்து மேற்கே முடிக்க வேண்டும், அவள் தனகோட்டியின் ஆள் என்பதால் எந்த நாள் யார் கொல்லை என்று தனகோட்டியே சொல்ல வேண்டும் என்று முடிவானது. அம்சவேணி கூட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூலி எவ்வளவு என்று அவள்தான் கேட்டாள்.

"நடக்கறதுக்கா கூலி?" என்றார் சபாபதி. "நானுந்தான் தெனம் ஏரிக்கரையில நடக்கறன், சக்கரை வியாதிக்கு. எனக்கு எவன் குடுக்கறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில், நடக்கிற கொல்லைக்காரர் மதியம் வெல்லம் போட்ட கஞ்சி ஊற்ற வேண்டும், அதுவே கூலி என்று முடித்தார்கள்.

பிறகு எல்லாம் வழக்கமாகிவிட்டது. வழக்கமாவதற்கு எங்கள் ஊரில் ஒன்பது நாள் போதும். அவள் காலனியிலிருந்து கொல்லைக்கு வருகிற தார் ரோட்டின் விரிசலில் அறுகம்புல் முளைத்தபோது, இது வீண் என்று ஏகாம்பரம் சொன்னார், சத்து ரோட்டில் போகிறது என்றார். உடனே அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். என் மாமனார் காலத்தில் காலனிக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது, எழுதாததாலேயே யாராலும் அழிக்க முடியாமல் இருந்தது. அதே தெருவில் இப்போது அவள் செருப்பில்லாமல் வந்தால் பத்துப் பேர் வீட்டு வாசலிலிருந்து சத்தம் போட்டார்கள், "ஏ அம்சா, செருப்பு எங்கடி, செருப்பைப் போடு" என்று. கொஞ்ச நாளில் செருப்பும் நம்பிக்கையில்லை என்று டெம்போ வைத்து ஏற்றிக்கொண்டு வந்து வரப்பில் இறக்கினோம். பின்னால், மூட்டை ஏற்றுகிற இடத்தில்தான் அவள் உட்கார்ந்து வந்தாள், முன்னால் டிரைவர் பக்கத்து சீட் காலியாக வரும்.

சாயங்காலம் அவள் கால் கழுவுகிற தண்ணீரைப் பிடிக்கக் குடத்தோடு பெண்கள் நின்றார்கள். முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றினால் ஒரே இரவில் குருத்து விட்டது. அவள் கால் கழுவிய தண்ணீரை இடுப்பில் சுமந்துகொண்டு போய், தளும்பிப் புடவை நனைந்தாலும் முகம் சுளிக்காமல் போன நாங்கள், அவள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இது வேடிக்கை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கோயில் பிராகாரத்துச் செவ்வரளி வாடிக் கிடந்தது, அவளை உள்ளே விட முடியாது, செடியையும் விட முடியாது, அதனால் பின்பக்க மதிலில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் அவள் வெளியே தரையில் உட்கார்ந்து ஓட்டைக்குள் காலை மட்டும் நீட்டி அரளியின் அடிமண்ணை மிதிக்க ஏற்பாடு செய்தோம். பூசாரி உள்ளே நின்று "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லுவார். அரளி அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் பூத்ததில்லை. அந்தப் பூவைத்தான் நாங்கள் எல்லோரும் தலையில் வைத்துக்கொண்டோம்.

வெல்லக் கஞ்சி முதல் வாரம் சரியாக வந்தது. இரண்டாம் வாரம் வெல்லம் குறைந்தது. மூன்றாம் வாரம் சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கிற வீடுகளில் வெல்லமே வாங்குவதில்லை என்றார்கள். அவளுக்கோ பசி அடங்கவே இல்லை. இரண்டு காலிலும் இருநூறு வாய் இருந்தது, அத்தனையும் அவள் உடம்பிலிருந்துதான் உறிஞ்சின, காலையில் தின்றது பத்து மணிக்குள் காலுக்கு இறங்கிவிடும் என்றாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. "பேய் மாதிரி தின்றாளே, எங்க போவுதோ" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எங்கே போகிறது என்று அவரவர் கொல்லையைத் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலனிக்குத் தெற்கே கல்லாங்குத்தில் சர்க்கார் பட்டா கொடுத்த முப்பது செண்டு அவளுக்கு இருந்தது. பட்டா வந்து பதினாறு வருஷம் ஆகியும் அதில் ஒரு படி தானியம் அவள் அறுத்ததில்லை, கல்லும் சரளையும்தான்.

"யம்மா, ஒரே ஒரு நாள் உடும்மா. என் கொல்லையில நடந்துக்கறன். பொரட்டாசி மழைக்குக் கொள்ளு வெதைக்கணும்" என்றாள்.

"உன் கொல்லையில நீ நடக்கறதுக்கு என்னைக் கேக்கணுமா?" என்று பெரிய மனசோடு சொன்னேன். கேட்கத்தான் வேண்டும், அது எனக்கே தெரியும். பொழுது சாய்ந்தால் முடிச்சு தூங்கிவிடும், அவள் ராத்திரி முழுக்க நடந்தாலும் ஒரு புல் அசையாது. பகலில்தான் நடக்க வேண்டும், பகல் முழுக்க முறை போட்டு ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது, முறையைச் சொல்லுகிறவள் நான்.

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். அடுத்த வாரம் சபாபதியின் மூன்று ஏக்கர் வந்தது. அதற்கடுத்த வாரம் பூசாரியின் மைத்துனர் பக்கத்து ஊரிலிருந்து வந்து கேட்டார், மறுக்க முடியவில்லை. ஆவணி முழுக்க அவள் கேட்டாள், ஆவணி முழுக்க நான் அடுத்த வாரம் என்றேன், ஒரு தடவைகூட அவள் குரலை உயர்த்தவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. கடைசியில் புரட்டாசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை உன்னுது என்று சத்தியமே செய்துகொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் டெம்போவுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தாள். முந்தானையில் கொள்ளு விதை முடிந்திருந்தது. அறுவடை ஆன கொல்லைகளில் சிந்தியதை வருஷா வருஷம் பொறுக்கிச் சேர்த்தது. என்னிடம் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தாள். வானம் தெற்கே கறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு என் மேற்கு மூலை ஞாபகம் வந்தது. ஏற்கெனவே இரண்டு தரம் அவள் நடந்த கொல்லைதான் அது, ஊரிலேயே உயரமாய் நின்ற பயிர், ஆனாலும் அந்த மூலை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக என் கண்ணுக்குப் பட்டது.

"அம்சா, மழை வந்துட்டா மண்ணு சேறாயிடும். அந்த மூலையை மட்டும் ஒரு மணி நேரம் மிதிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றேன்.

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஒரு மணி நேரம் மதியம் ஆனது. வெல்ல டப்பாவில் அடியில் கொஞ்சம் இருந்தது, கரண்டியை விட்டுச் சுரண்ட வேண்டும், சுரண்டச் சோம்பி வெறுங்கஞ்சியைக் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். மூன்று மணிக்கு அவள் சாலின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். காலைத் திருப்பிக் காட்டினாள். முடிச்செல்லாம் சாம்பல் நிறம். ஒன்றை நகத்தால் கிள்ளினாள், உள்ளே ஈரமே இல்லை, பொடிதான் உதிர்ந்தது.

"முடிஞ்சிபோச்சும்மா" என்றாள்.

அப்போது என் வாயில் வந்த வார்த்தையை நான் எத்தனை தரம் விழுங்கப் பார்த்தாலும் அது உள்ளே இறங்குவதில்லை. "இன்னும் ரெண்டு சாலு பாக்கி இருக்குதே" என்றேன்.

அவள் எழுந்து, முந்தானையிலிருந்த விதையை மறுபடியும் தொட்டுப் பார்த்துவிட்டு, தெற்கே போனாள். மழை பிடித்துக்கொண்டது.

ஊருக்குக் கோபம் வந்தது. கொடுத்தது நின்றுபோனால் கொடுத்தவர் மேல்தான் எங்களுக்குக் கோபம் வரும். சத்தை எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள் என்று ஆரம்பித்தார்கள், அவள் வீட்டுப் பின்னால் அவரைக் கொடி கூரை வரைக்கும் ஏறியிருக்கிறது என்று ஒருத்தர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கோயில் முன்னால் மறுபடியும் கூடினோம், புளியமரத்தடியில் மறுபடியும் அவள் நின்றாள்.

"ஊர் முறை இருக்கச்சொல்ல நீ உன் வூட்டாண்ட எப்படிக் காலை வெக்கலாம்?" என்று கேட்டார் சபாபதி.

"என் காலுங்க அது" என்றாள் அவள்.

அங்கே நான் எழுந்து நின்றிருக்கலாம். ஒரு நாள்கூட அவளை அவள் கொல்லைக்கு விடாதவள் நான்தான், சாப்பாடு போடச் சொன்ன ஆபீசர் அம்மா பேச்சைக் காற்றில் விட்டவர்கள் நாம்தான் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தலையில் வைத்திருந்த அரளியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் வாங்கிக் கொடுத்த செருப்பைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது, அது ஏகாம்பரத்தின் குரல் என்று எனக்குத் தெரிந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, மண்ணைத் தட்டி, மரத்தடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு எங்கள் தெரு வழியாகவே நடந்து போனாள். அந்தத் தடவை எந்த வாசலிலிருந்தும் சத்தம் வரவில்லை. மறுநாள் மதில் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்.

ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கினோம். செடி தொடை உயரம் நின்றது, கொடியைத் தூக்கினால் கை வலித்தது, அத்தனை இலை. பிடுங்கிப் பார்த்தால் செடிக்கு நாலு காய், ஐந்து காய், அதிலும் பாதி பொக்கு. அவள் மூன்று தரம் நடந்த என் மேற்கு மூலையில் பசுமை மட்டும்தான் இருந்தது. வேரைப் பார்த்தோம். வழவழவென்று இருந்தது, ஒரு முடிச்சு இல்லை. இந்த ஊரில் மல்லாட்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து இல்லாத அதிசயம் அதுதான், அதற்குத்தான் முதன்முதலாக எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

ஆபீசர் அம்மா வேரைத் தடவிப் பார்த்தார். "வெளியிலிருந்து ஓசியில வந்துகிட்டே இருந்தா செடி எதுக்குங்க முடிச்சை வச்சுச் சோறு போடும்? வந்ததெல்லாம் இலையாப் போயிருச்சு" என்றார். பிறகு, "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா" என்றேன். அவளைப் பார்த்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

அந்தப் பொய்தான் என்னைத் தூங்கவிடவில்லை, மற்றதையெல்லாம் செய்துவிட்டு நன்றாகத் தூங்கியவள்தான் நான். மறுநாள் காலையில் நொய்யரிசி இல்லாமல் நல்ல அரிசியாகப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். ஆறவைத்தேன். உப்புப் போட்டு மோர் ஊற்றினேன். அதே தூக்கில் ஊற்றி மூடி, பத்து மணி வெயிலில், எல்லோரும் பார்க்க, காலனிக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை, அதனால் எது அவள் வீடு என்று ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.

அவள் கல்லாங்குத்தில் இருந்தாள். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் நின்றுகொண்டிருந்தாள். கல்லைப் பொறுக்கி ஓரமாய்க் குவித்திருந்தாள், நடுவில் கொள்ளு. அடர்த்தி இல்லை, அங்கொன்றும் இங்கொன்றும்தான், முழங்கால் உயரம்கூட இல்லை. நான் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சரளை குத்தியது.

என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு கொள்ளுச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினாள். வேரில் கடுகு கடுகாய் முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினாள், உள்ளே ரோஸ்.

"நான் நடக்கவே இல்ல. தானா வந்து ஒட்டிக்கிச்சிங்க" என்றாள்.

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, கல் குவியல் மேலேயே உட்கார்ந்தேன். "அம்சா, அன்னிக்கி வெதைக்கச்சொல்ல உனக்கு ஊத்தினது வெதை பொரட்டின கஞ்சி" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"கறுப்பா இருந்துச்சு, மண்ணு நாத்தம் அடிச்சுது, தெரியாதா பின்ன? தூக்கு இருந்ததையும் பாத்தன். நீ தூக்கைப் பாத்ததையும் பாத்தன்."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"பசிம்மா" என்றாள், இதைக்கூடக் கேட்பார்களா என்கிற மாதிரி.

அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். அவளுக்குத் தெரியும் என்றால் நான் சொல்ல வேண்டியது முடிந்தது என்று ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிதான் எனக்கு அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் இன்னொன்று மிச்சம் இருந்தது.

"அந்தத் தூக்குக் கஞ்சியை அவரு குடிக்கல. வயிறு சரியில்லன்னுட்டாரு. சாயங்காலம் மாட்டுத் தொட்டில ஊத்தினன்" என்றேன்.

அவள் கையிலிருந்த செடியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாது" என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பிறகு அவள் என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள், நான் பின்னால் போனேன். வாசலில் சாக்கு விரித்தாள், உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வந்தாள், இரண்டும் ஒரே மாதிரி, ஒன்றில் மட்டும் விளிம்பு நசுங்கியிருந்தது. தூக்கைத் திறந்து இரண்டிலும் சரிபாதியாக ஊற்றினாள். நசுங்காததை எனக்குக் கொடுத்தாள்.

நான் வாங்கினேன். வாயருகே கொண்டுபோனேன். கொண்டுபோனவள் நின்று, டம்ளருக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது, காலையில் என் அடுப்பில் என் கையால் காய்ச்சிய கஞ்சி அது, வழி முழுக்க என் கையிலேயே இருந்தது, இருந்தும் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் தன் டம்ளரைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக் கஞ்சிதான், வெள்ளையாத்தான் இருக்குது" என்றாள். "குடி, தனகோட்டி."